வாத்தியார் வைத்த முதல் மொய்

மரியாதை செய்தே ஒரு மனிதரைப் பட்டினி போட்டுவிட முடியுமா?

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக நான் வேலைக்கு வந்த புதிதில், ஒரு கல்யாணப் பந்தலின் பின்புறம், ஆக்குப்புரை அடுப்புகளின் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேட நேர்ந்தது. எனக்குக் கிடைத்த அவகாசம், முன்புறம் நாகசுரக்காரர் ஒரு கீர்த்தனையை வாசித்து முடிக்கும் நேரம். நல்லவேளையாக அவர் சாவகாசமாக வாசிக்கிறவர்.

இந்த உத்தியோகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். பதிவேட்டை எப்படிப் பார்ப்பது, பிள்ளைகளை எப்படிப் பரீட்சிப்பது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கும். கல்யாணப் பந்தலில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித்தரவில்லை. ஆகையால் அந்த ஒரு பாடத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த காலம். தாமிரபரணிக் கரை ஊர்களில் அநேகமாக ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் அவ்வூர்ப் பெரிய மனிதர் ஒருவர் நிர்வாகியாக இருப்பார். சர்க்கார் அவர் கையில் உதவித்தொகை கொடுக்கும். அவர் தம் பங்கையும் சேர்த்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். ‘கொடுக்கவேண்டும்’ என்ற சொல்லை நான் யோசித்தே எழுதுகிறேன். நெல்லாகவும் எண்ணெயாகவும் பண்டிகைக்கு வேட்டியாகவும் அது கொடுக்கப்படும். சில மாதங்களில் ஒரு புன்சிரிப்பாகவும் கொடுக்கப்படும்.

நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். என் தகப்பனார் மிஷன் பள்ளி ஆசிரியர். அவருடைய சம்பளம் சிறியது. ஆனால் மாதத்தின் முதல் நாள் தவறாமல் வரும். எங்கள் வீட்டில் அந்த நாள் ஒரு சின்னப் பண்டிகை. அன்று மட்டும் எங்கள் தாயார் மீன்காரியிடம் பேரம் பேசமாட்டார். எல்லா ஆசிரியர் வீடுகளிலும் அந்தப் பண்டிகை உண்டு என்று நம்பிக்கொண்டுதான் நான் பட்டமும் வாங்கினேன், உத்தியோகத்துக்கும் வந்தேன்.

நான் சொல்லப்போகும் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். அவ்வூராரின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று உங்கள் பள்ளிகளுக்கு நிர்வாகிகளாக இருக்கக்கூடும். அவர்கள் உங்களுக்குப் போடும் விருந்தை நான் ஏன் கெடுக்கவேண்டும்? ரயிலில் இறங்கி, கால்வாய்க் கரையோடு வில்வண்டியில் போய்ச் சேர்ந்தபோது, பள்ளியின் நிர்வாகியான பண்ணையார் தெருமுனைக்கே வந்து நின்றார். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட வாட்டசாட்டம்.

“வாங்க ஐயா, வாங்க! நாளைக்கு நம்ம மூத்த மகளுக்குக் கல்யாணம். இன்னைக்கு நீங்க வந்து நிக்கிய. இது மனுசச் செயலா, தெய்வச் செயலா?”

சுற்றுப்பயணத் தேதிகளை வகுத்தது என் அலுவலகத்துக் குமாஸ்தா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“பரீட்சைய நாளக் கழிச்சு வச்சுக்கிடலாமே. இன்னைக்குப் பைய இருந்து சாப்பிடுங்க” என்றார்.

பரீட்சையை அன்றே வைத்துக்கொள்வதாகவும், சாப்பாட்டைப் பைய, ஆற அமரச் சாப்பிடுவதாகவும் ஒப்பந்தமாயிற்று.

அந்தப் பள்ளிக்கூடத்தைப்போல் ஒன்றை அந்த வட்டாரத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் கிளிப்பிள்ளைகளாக ஒப்பிக்கவில்லை, கேட்டதை யோசித்தார்கள். ‘நம் ஆறு எங்கே பிறக்கிறது?’ என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். மலையின் பெயரைச் சொல்லிவிட்டு, “நீங்க பாத்திருக்கியளா சார்?” என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். நான் பார்த்ததில்லை. அவளுடைய ஆசிரியர் ஆவுடையப்பன் பின்னால் நின்றுகொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், பயிற்சிப் பள்ளியில் தேறியவர், ஒல்லியான மனிதர். அந்த ஒல்லி இயற்கையானது என்று நினைத்தேன்.

பிள்ளைகள் போனபிறகு அவர் சொன்னார்: “ஐயா, உங்ககிட்டச் சொல்லாமப் போனா மரியாதை இல்ல. கல்யாணம் முடிஞ்சதும் நான் வேலைய விடுதேன். தூத்துக்குடியில பஞ்சு மூட்டை அடுக்குத ஒரு கிட்டங்கியில கணக்கெழுதக் கூப்பிடுதாக. வண்டியும் பேசியாச்சு, நாளைச் சாயங்காலம் குடும்பத்தோட கிளம்புதோம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேறொருவர் அந்த ஊருக்கு வரமாட்டார். ஆசிரியர் இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் பள்ளிக்கூடம் நிற்கும். பள்ளிக்கூடம் நின்றால் அந்தச் சிறுமி ஆற்றங்கரையில் மாடு மேய்ப்பாள்.

“ஊரில் உங்களுக்கு என்ன குறை?” என்றேன். “தெருவில் நீங்கள் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்களே!”

“அதுதான் ஐயா குறை. மரியாதை தாங்கல.”

பிறகு சொன்னார். சொல்லும்போது தம் கதையைத் தாமே ரசித்துச் சிரித்தார். அதனால் நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன்.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் மொய் வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தாலி கட்டியபின் உற்றாரும் ஊராரும் ஆளுக்கு இவ்வளவு என்று தாம்பாளத்தில் பணம் வைப்பார்கள். ஒருவர் எழுதுவார், ஒருவர் சபையறியக் கூவுவார். அந்த ஊரில் இதற்கு மேலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. முதல் மொய்யைக் கைராசியுள்ள ஒருவர் வைக்கவேண்டும்; பின்னால் வருகிற எவரும் அந்தத் தொகைக்கு மேல் வைக்கக்கூடாது. வைத்தால் முதல் கையின் ராசியை அவமதித்ததாகும். ஆகவே முதல் மொய் வைப்பவர் எவ்வளவு வைக்கிறாரோ அதுவே அந்தக் கல்யாணத்துக்கு எல்லை.

ஆவுடையப்பன் ஊருக்கு வந்த சில ஆண்டுகளில், யதேச்சையாக ஒரு வீட்டில் முதல் மொய் வைத்தார். அந்த வீட்டில் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. இன்னொரு வீட்டில் வைத்தார். வெகுகாலம் இழுத்துக்கொண்டிருந்த அவர்களுடைய வழக்கு ஜெயித்தது. இதற்குள் அவருக்கும் குடும்பம் பெருகி, சம்பளம் கூட்டித் தரும்படி பண்ணையாரிடம் கேட்டார். பண்ணையார் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவைத்து வெகுநேரம் யோசித்து, ஆசிரியரின் அருமையை ஊர் உணர்ந்திருக்கிறது என்று அறிவித்தார். இனி எல்லா வீட்டுக் கல்யாணத்திலும் முதல் மொய் வாத்தியாருடையதே என்று முடிவு செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டவருக்கு மொய் உயர்வு கிடைத்தது.

“அதுக்குப் பொறவு முகூர்த்த மாசம் வந்தாலே எனக்குக் காய்ச்சல் மாதிரி வரும் ஐயா” என்றார். “கல்யாண வீட்டுக்காரவுக முந்தின நாளு பைய வந்து, ‘வாத்தியாரே, இந்தத் தடவ இவ்வளவு வச்சா நல்லாருக்கும்’ம்பாக. நான் கொறச்சு வச்சா அவுகளுக்கு எல்லா மொய்யும் கொறையுமே. கடையில கடன் வாங்கி வைப்பேன். பெஞ்சாதி தோட்டை அடகு வச்சு வச்சேன். இன்னும் ரெண்டு கல்யாணம் வந்தா வீட்டுக் கூரையப் பிரிச்சு வைக்கணும்.”

பட்டதாரியல்லவா? உடனே வழி சொன்னேன். “உங்கள் மகளுக்குக் காதுகுத்து வையுங்கள். நீங்கள் வைத்த மொய்யெல்லாம் திரும்பி வருமே!”

“விருந்து போட அரிசி? அது கெடக்கட்டும். வருகிற மொய் எல்லாத்துக்கும் நான் திருப்பி வைக்கணுமே, வீட்டுக்கு வீடு. அது இன்னும் பெரிய ஆழம் ஐயா.”

“அப்படியானால், மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.”

அப்போதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். “நாளைக்குத் தாலி வாங்கப்போற பிள்ள எங்கிட்ட நாலாம் வகுப்பு வரைக்கும் படிச்ச பிள்ள. வாத்தியார் மாட்டேன்னுட்டாருன்னு ஒரு சொல்லு அந்தப் பிள்ளைக்கு வரலாமா? வைப்பேன். ஆனா பண்ணையார் சொல்லிவிட்ட தொகை என்னோட ரெண்டு மாசச் சம்பளம். இந்தத் தடவ கடன் வாங்கல. எங்கிட்ட என்ன இருக்கோ அத வைக்கேன்.”

அவரிடம் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரவு நன்றாகத் தூங்கியிருக்க மாட்டேன். பண்ணையார் வீட்டு மெத்தை வீணாகியிருக்கும்.

மறுநாள் கல்யாணம் வெகு சிறப்பாக நடந்தது. திருச்செந்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். திசையன்விளை வியாபாரி ஒருவர், பண்ணையாரின் பழைய சிநேகிதர், மடியில் கனமான ஒரு முடிச்சோடு முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் அதைப் பார்க்கும்படி அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறியது. தாம்பாளம் வந்தது. எழுதுகிறவரும் கூவுகிறவரும் உட்கார்ந்தார்கள்.

“முதல் மொய், நம்ம வாத்தியாரு!” என்று பண்ணையாரே எழுந்து நின்று அழைத்தார்.

ஆவுடையப்பன் எழுந்து போனார். மணப்பெண்ணைப் பார்த்து இரண்டு கையாலும் வாழ்த்தினார். இடுப்பிலிருந்து எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். ஒரு ரூபாய் நாணயம்; அதன்மேல் ஒரு கால் ரூபாய் நாணயம்.

கூவுகிறவர் வாயைத் திறந்தார், மூடினார், குனிந்து தாம்பாளத்தை மறுபடி பார்த்தார். “வாத்தியார் ஆவுடையப்பன்… ஒன்றேகால் ரூபாய்!” அந்தக் கடைசி இரண்டு சொற்கள் பந்தலின் பாதி தூரம் கூடப் போயிருக்காது.

ஆனால் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அடுத்து வந்தவர் ஒரு ரூபாய் வைத்தார். அதற்கடுத்தவர் ஒரு ரூபாய் வைத்தார். மூன்றாமவர் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி முக்கால் ரூபாய் வைத்தார். சில முகங்களில் வருத்தம் தெரிந்தது. சில முகங்களில் மறைக்க முயன்றும் முடியாத ஒரு நிம்மதி தெரிந்தது. திசையன்விளை அண்ணாச்சி தம் முடிச்சை இன்னும் இறுக்கமாகப் போட்டுக்கொண்டார்.

பண்ணையார் தம் ஆயுளெல்லாம் ஊர் ஊராகப் போய் மொய் வைத்தவர். அதெல்லாம் திரும்பி வரும் முதல் நாள் அது. பந்தலும் வாணவேடிக்கையும் அந்த நம்பிக்கையில்தான் ஏற்பாடாகியிருந்தன. அவர் முகம் வெற்றிலைச் சிவப்பாயிற்று. நாகசுரக்காரரை நோக்கி, “ஏன் சும்மா இருக்கீரு? வாசியும் வே!” என்றார். மொய் நின்றது, வாசிப்புத் தொடங்கியது. அடுத்த கணம் என் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால், சமையல் நடக்கும் ஆக்குப்புரைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே அவர் மனைவி, ஊரார் ஆச்சி என்று அழைக்கும் அம்மாள், பாயச அண்டாவின் பக்கத்தில் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டும் விலகவில்லை.

“ஐயா, நீங்க அவருக்கு மேலதிகாரி. உத்தரவு போடுங்க. கூட வைக்கச் சொல்லுங்க!”

“எதிலிருந்து வைப்பார், அண்ணாச்சி?”

“அது அவரு பாடு. இல்லன்னா இந்தப் பள்ளிக்கூடமே வேண்டாம். நாளைக்கே பூட்டுதேன். உங்க பெரிய துரைக்கும் ஒரு காகிதம் போடுதேன், இன்ஸ்பெக்டர் வந்த நேரம் கல்யாணம் கெட்டுதுன்னு.”

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். எனக்கு மேலிருந்த ஒரு மூத்த அதிகாரி, நான் முதல் சுற்றுப்பயணம் கிளம்பியபோது சொல்லியனுப்பினார்: “உத்தரவு போடும் அதிகாரத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திரு. ஒருமுறை வெளியே எடுத்தால், பிறகு அதை யார் வேண்டுமானாலும் உன் கையைப் பிடித்து உபயோகிப்பார்கள்.” அன்று என் கையைப் பண்ணையார் நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தார்.

என் முன் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன். ஆவுடையப்பனுக்கு உத்தரவிட்டால் அவர் பணிவார். கடன் வாங்கி வைப்பார். மாலை வண்டியில் இன்னும் கொஞ்சம் இளைத்துப் போவார். பண்ணையாரைக் கடிந்துகொண்டால், மகளின் கல்யாண நாளில் சபை நடுவே தலைகுனிந்த மனிதர் சொன்னபடியே பள்ளியைப் பூட்டுவார். என் பயணப்படி என் பையில் இருந்தது. அதைக் கமுக்கமாக ஆவுடையப்பன் கையில் வைத்தால் அன்றைய சிக்கல் தீரும். ஆனால் அடுத்த முகூர்த்தத்துக்கு நான் எங்கே இருப்பேன்? ஓர் இன்ஸ்பெக்டர் தன் வட்டாரத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் மொய் கொடுத்து மாளாது.

நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்ததைப் பண்ணையார் இளகுவதாக எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். “சரி, அவருக்கு முடியல, ஒத்துக்கிடுதேன். நானே தாரேன் ஐயா. இந்தா, மடியில இருக்கு. நீங்க கொண்டுபோயி அவரு கையில குடுங்க. அவரு கையால வைக்கட்டும். ஒருத்தருக்கும் தெரியாது.”

உண்மையில் அவர் நல்ல மனிதர். அந்த நொடியில் அவர் செய்ய முன்வந்தது என்னவென்று அவருக்கே தெரியவில்லை, அதுதான் வேடிக்கை.

“தாராளமாகக் கொடுக்கிறேன், அண்ணாச்சி” என்றேன். “ஆனால் திருப்பி வைக்கும்படி அவரிடம் சொல்லமாட்டேன்.”

“அது என்ன பேச்சு?”

“அவர் கையில் பணம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று இப்போது நீங்களே சொன்னீர்கள். முன்பு அவரும் அதைத்தான் உங்களிடம் கேட்டார்.”

“சம்பளத்தச் சொல்லுதியளா? ஐயா, சம்பளம் வாங்குதவன் கூலிக்காரன். வாத்தியாரு குரு. குருவுக்குப் போயி விலை பேசுததா? அவர நாங்க எங்கன வச்சிருக்கோம், தெரியுமா?”

முன்புறம் நாகசுரக்காரர் உச்சத்தில் சஞ்சரித்துக்கொண்டிருந்தார். “அவருக்கு எவ்வளவு, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

பண்ணையார் தம் கோபத்தையும் மறந்து நிமிர்ந்தார். “யாருக்கு, இவருக்கா? அவரு கேட்டதுக்கு மேல குடுத்தேன் வே! இந்தத் தாலுகாவுல எவனும் குடுத்ததில்ல. வித்துவான்னா சும்மாவா?” கூட்டாளியை அழைப்பதுபோல் என்னை ‘வே’ போட்டுவிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

“அவரைக் கூலிக்காரர் என்று யாராவது சொல்கிறார்களா?”

பதில் வேறு திசையிலிருந்து வந்தது. ஆச்சி அகப்பையை அண்டாவின் விளிம்பில் தட்டினார்.

“இந்தா பாருங்க. நான் ஒண்ணு கேக்கேன். ஒங்க மடியிலேருந்து எடுத்து, அவரு கையில குடுத்து, மறுபடி நம்ம தாம்பாளத்துல விழுந்தா, அது யாரு வச்ச மொய்யி?”

“வாத்தியாரு வச்சதுதான்.”

“நீங்க வச்சது. நம்ம பிள்ளைக்கு நாமளே மொய் வச்சுக்கிடுததுக்கு ராசியுள்ள கை எதுக்கு? சின்னப் பிள்ளைக சொப்பு வச்சு வெளையாடுத மாதிரியில்லா இருக்கு! அந்த மனுசன் இன்னைக்குத்தான் தன் சொந்தக் காச வச்சிருக்காரு. நம்ம பிள்ளைக்கு ராசி உண்டுன்னா அந்த ஒன்னேகாலுலதான் உண்டு. அத மாத்தச் சொன்னிய, நான் சபையில வந்து சொல்லுவேன்.”

“நீ சும்மா இரு. மொய்யெல்லாம் போச்சேன்னு நான் வயிறெரிஞ்சு நிக்கேன்.”

“வயிறெரியத்தான் செய்யும். சம்பளத்தக் கொறச்சு, ஆள ஒசத்தி வச்சது யாரு? அவரு ஒசரம் அம்புட்டுத்தான்னா நம்ம வீட்டு மொய்யும் அம்புட்டுத்தான். போயி வாத்தியாருக்கு ஒழுங்காக் குடுக்க வழியப் பாருங்க. பாயசம் அடிப்பிடிக்கி.”

அந்த அம்மாள் ஒரு நாளும் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர் என்று பின்னால் அறிந்தேன். அன்று நான் தயார் செய்துவைத்திருந்த நான்கு வாதங்களில் மூன்றை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். மிச்சமிருந்த ஒன்றை மட்டும் சொன்னேன்: “பந்தலில் வாக்குக் கொடுத்தால் மாலை வாடும்போது அதுவும் வாடிவிடலாம், அண்ணாச்சி. சர்க்கார் உதவித்தொகை உங்கள் கைக்கு வருவது அவருக்காக. மாதச் சம்பளம் அவர் கையில் போய்ச் சேர்ந்தது என்று நான் கண்டபிறகே அதற்குச் சிபாரிசு எழுதுவேன். இது உத்தரவல்ல, என் வேலை.”

பண்ணையார் என்னைப் பார்த்தார், ஆச்சியைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். எதிலும் ஆதரவில்லை. “ஒங்க ரெண்டு பேரையும் முன்னாடியே சந்திக்க விட்டிருக்கக் கூடாது” என்று முணுமுணுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கீர்த்தனை முடிந்தது. பண்ணையார் செய்ததை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. செய்வதென்று தீர்ந்தபின் அவர் அரைகுறையாகச் செய்யவில்லை. சபை நடுவில் நின்று, அந்த மாதம் முதல் வாத்தியாருக்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு என்றும், தேதி தவறாது என்றும் கூவுகிறவரைக்கொண்டு கூவச் செய்தார். அந்த மாதத்துச் சம்பளத்தை அப்போதே மடியிலிருந்து எடுத்து ஆவுடையப்பன் கையில் கொடுத்தார். சம்பந்தி வீட்டார் பிரமாதம் என்றார்கள். அவர்களும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நிர்வாகிகள். ஆகையால் மெதுவாகத்தான் சொன்னார்கள்.

இப்போது பந்தல் முழுவதும் ஆவுடையப்பன் கையையே பார்த்தது. பணம் அவர் கையில். தாம்பாளம் அவர் எதிரில். பண்ணையாரின் கண் தாம்பாளத்துக்கும் கைக்கும் இடையே போய்ப் போய் வந்தது. ஆவுடையப்பனின் நல்ல குணம் எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

அவர் பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அண்ணாச்சி, முதல் மொய் ஒரு தடவதான் வைக்கது. மறுக்க வச்சா ரெண்டாவது மொய்யில்லா ஆயிரும்!” என்றார். பந்தல் சிரித்தது. பிறகு சபையை நோக்கித் திரும்பினார். “நான் வச்சது என் சம்பளத்துக்கு உள்ள அளவு. மத்தவுக அவுகவுக அளவுக்கு வைங்க. மிஞ்சி வச்சா எனக்கு அவமரியாதை இல்ல. நான் சொல்லுதேன், என் கை ராசி அதுல கொறையாது. எங்கிட்டப் படிச்ச பிள்ளைக்கு வைக்கிய, நெறைய வைங்க.”

கட்டுப்பாட்டை மீறுவதற்கு அந்த ஊரில் எவருக்கும் உரிமை இல்லை. அதை விலக்கிக்கொள்ள முதல் கை வைத்தவருக்கு மட்டும் உரிமை உண்டு. இது ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. ஏனென்றால் அவரிடம் எவரும் கேட்டதில்லை.

மொய் மறுபடி தொடங்கியது. திசையன்விளை அண்ணாச்சி தம் முடிச்சை அவிழ்த்தார். ஒரு முடிச்சு அவ்வளவு மெதுவாக அவிழ்வதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முக்கால் ரூபாய் வைத்தவர் நடுவில் எழுந்து நழுவப் பார்த்தார். ஆச்சி அகப்பையோடு வாசலில் நின்றதால் திரும்பி வந்து மீதியை வைத்தார்.

சாயங்காலம் பேசியபடி வண்டி வந்து ஆவுடையப்பன் வீட்டு வாசலில் நின்றது. பாத்திரங்கள் சாக்கில் கட்டப்பட்டிருந்தன. நான் ரயிலுக்குப் போகும் வழியில் அங்கே நின்றேன். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து, அவிழ்ப்பதா வேண்டாமா என்ற கேள்வியோடு சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன முடிவு?” என்றேன்.

“தூத்துக்குடிக்காரவுக மூணு மாசம் பொறுப்பாகளான்னு கேட்டு எழுதுதேன் ஐயா” என்றார் ஆவுடையப்பன். “சம்பளம் ஒழுங்கா வந்தா இங்கனயே இருக்கேன். மறுபடி மரியாதை வந்துச்சுன்னா கிளம்பிருவேன்.”

அவர் மனைவி சாக்கின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அந்த வண்டியில் என் படுக்கையை ஏற்றிக்கொண்டு நான் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டிக் கூலி வீணாகவில்லை.

நல்ல முடிவு என்று நீங்கள் சொல்லக்கூடும். விளைவுகளை முழுதும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். பண்ணையார் போகிற கல்யாணமெல்லாம் தம் வாத்தியாரின் சம்பளத்தைச் சொல்லிப் பெருமையடித்தார். அக்கரை ஊர்க்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. தங்கள் ஆசிரியருக்கு அதைவிட எட்டணா கூட்டினார்கள். அதைக் கேட்டுப் பண்ணையார் மறுவருஷம் ஒரு ரூபாய் கூட்டினார். இந்தப் போட்டியைத் தடுக்க நான் எந்த முயற்சியும் செய்யவில்லை. ஆனால் மலையடிவாரத்தில், பண்ணையாரே இல்லாத ஒரு சிற்றூர் இருந்தது. அதன் ஆசிரியர் அக்கரைச் சம்பளத்தைக் கேள்விப்பட்டு இறங்கிப் போய்விட்டார். அந்தப் பள்ளிக்கூடம் ஒரு வருஷத்துக்குமேல் பூட்டிக்கிடந்தது. சர்க்கார் பணத்தைக் கூடுதலாகக் கேட்டு நான் எழுதி, எழுதியதற்கு நினைவூட்டி, நினைவூட்டியதற்கு மன்னிப்புக் கேட்டு, பிறகே அது திறந்தது. ஆசிரியரின் சம்பளம் ஊர்ப் பெரியவரின் நல்ல மனத்தையோ அவர் மனைவியின் அகப்பையையோ நம்பியிருக்கலாகாது என்பதை மலையடிவாரத்துப் பூட்டு எனக்குக் கற்பித்தது. உங்கள் காலத்தில் அது எவ்வளவு தூரம் சரியாகியிருக்கிறது என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்லவேண்டும்.

ஆவுடையப்பன் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை. அதன்பின் அவ்வூர்க் கல்யாணங்களில் முதல் மொய் என்ற வழக்கம் நின்றுபோயிற்று. அவரவர் முடிந்ததை வைத்தார்கள். நானும் என் தணிக்கை முறையை மாற்றிக்கொண்டேன். அதன்பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும், பிள்ளைகளைப் பார்க்கும் முன் ஆசிரியரைத் தனியே அழைத்து, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று கேட்டேன். எனக்கு மாலை போட்ட ஊர்களில் அதை இரண்டு முறை கேட்டேன்.